வெட்டினாலும் உழுதாலும் திரும்ப வரும் கோரை: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

வயலில் கோரை கண்ணில் பட்டதும் பலரும் கேட்பது, "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான். நான் முதலில் மண்வெட்டியை எடுக்கச் சொல்வேன். கோரை அடர்ந்திருக்கும் இடத்தில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரம் குறித்து, ஒரு சாண் ஆழம் தோண்டி, மண்ணைச் சல்லடையில் உதிர்த்து, உள்ளே இருக்கும் கிழங்கை எண்ணுங்கள். வயலில் நான்கைந்து இடத்தில் இப்படிச் செய்து எண்ணிக்கையை நோட்டில் எழுதி வையுங்கள். இனி நீங்கள் செய்யும் வேலை பலன் தந்ததா என்பதை அந்த எண்தான் சொல்லும். மேலே தெரியும் பச்சையை வைத்து முடிவு செய்தால் ஏமாந்துபோவோம். நேற்று கொத்திய வயல் இன்று சுத்தமாகத் தெரியும், அடியில் ஒரு கிழங்குகூடக் குறைந்திருக்காது.

1977இல் லெராய் ஹோமும் அவருடைய சக ஆய்வாளர்களும் உலகின் மோசமான களைகளை வரிசைப்படுத்தியபோது முதல் இடம் இந்தக் கோரைக்குத்தான் கிடைத்தது. 90க்கும் மேற்பட்ட நாடுகளில், 52 பயிர்களில் இது களையாக நிற்பதாக அவர்கள் கணக்கிட்டார்கள். அதனால் உங்கள் வயலில் இது அடங்கவில்லை என்றால் அது உங்கள் சோம்பலால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெரும்பாலும் வேலை குறைவதில்லை, வேலை செய்யும் நேரம்தான் தப்புகிறது.

கீழே உள்ளவை வயலில் பார்க்கக்கூடிய அறிகுறிகள். உங்களுடையதோடு ஒத்துப்போவதை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் முதல் இரண்டையும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

"புல்லுக்கான மருந்து அடித்தேன், புல் செத்தது, இது மட்டும் அசையவே இல்லை"

அப்படியானால் அது புல் அல்ல, கோரைதான். குயிசலோஃபாப், ஃபெனாக்சாப்ராப் போன்றவை புல் இனத்தை மட்டும் கொல்பவை. கோரை வேறு குடும்பம், அதை இவை தொடாது. அளவைக் கூட்டி இன்னொரு முறை அடித்தாலும் காசும் உழைப்பும்தான் வீண்.

சந்தேகம் இருந்தால் தண்டை அடியில் பிடித்து விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். கோரைத் தண்டு முக்கோணமாக, உள்ளே கெட்டியாக இருக்கும். மூன்று விளிம்பும் விரலில் தட்டும். கணு இருக்காது. இலைகள் மூன்று திசையில் அடுக்காக வரும், பளபளப்பான கரும்பச்சை. புல்லாக இருந்தால் தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருக்கும், கணு தெரியும், இலைகள் இரண்டு திசையில்தான் போகும். அருகம்புல்லும் பல்லாண்டுக் களைதான், அதுவும் உழவில் துண்டாகித் துண்டாகிப் பரவும். ஆனால் அதற்குக் கிழங்கு கிடையாது, கணுவுக்குக் கணு வேர் பிடிக்கும் கொடிதான். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

கோரையிலும் வகை உண்டு. ஒரு செடியை ஈர மண்ணில் மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். தண்டின் அடியில், மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சின்ன வெங்காயம் போல ஒரு குமிழ் இருக்கும். அதிலிருந்து வெள்ளையாக, கூரிய நுனியோடு, செதில் போர்த்திய வேர்த்தண்டுகள் பக்கவாட்டில் ஓடும். சற்றுத் தள்ளி ஒரு கிழங்கு, அதிலிருந்து மறுபடி ஓர் இழை, அடுத்த கிழங்கு. முற்றிய இழை பழுப்பாகி, கம்பி போல விறைப்பாகிவிடும். கிழங்கு கரும்பழுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். நறுக்கினால் உள்ளே வெள்ளை, மூக்கில் ஏறும் மருந்து வாசம். பூங்கொத்து செம்பழுப்பு. இது பல்லாண்டுக் கோரை, இங்கே பேசுவது முக்கியமாக இதைப் பற்றித்தான். கிழங்கே இல்லாமல் நார்வேர் மட்டும் வந்தால் அது விதையில் வரும் ஓராண்டுக் கோரை. பூக்கும் முன் பிடுங்கினால் கதை முடிந்தது. மூன்றாவதாக ஒன்று உண்டு: பூங்கொத்து மஞ்சளாக இருக்கும், கிழங்குகள் சங்கிலியாக இல்லாமல் இழையின் நுனியில் ஒன்று ஒன்றாக, உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். அது மஞ்சள் கோரை. அதற்கும் இங்கே சொல்லும் நேரக்கணக்கு பெருமளவு பொருந்தும்.

"களை எடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி பச்சை"

கைக்கு வந்தது தண்டு மட்டும். குமிழுக்கும் தண்டுக்கும் நடுவில் அறுந்து, குமிழும் கிழங்கும் மண்ணிலேயே நின்றுவிட்டன. கிழங்கில் ஒன்றுக்கு மேற்பட்ட மொட்டுகள் உண்டு; ஒரு முளை போனால் அடுத்தது எழும். கொத்தில் வெட்டினாலும் இதே கதைதான், வெட்டு குமிழுக்கு மேலே விழுந்திருந்தால்.

இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முளைக்கும் கிழங்கு தன் சேமிப்பிலிருந்து மாவுச்சத்தைச் செலவு செய்கிறது. முளை வெளியே வந்து சில வாரம் வெயில் வாங்கினால்தான் அந்தச் செலவை ஈடுகட்டி, மிச்சத்தைப் புதுக் கிழங்கில் சேர்க்கும். புதுக் கிழங்கு உருவாவது, முளை தெரிந்ததிலிருந்து ஏறக்குறைய 3 முதல் 6 வாரத்துக்குள் தொடங்கிவிடும். கோரைக் கணக்கு முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 2 அல்லது அதிகபட்சம் 3 வாரத்துக்கு ஒருமுறை வெட்டுகிறவருடைய நிலத்தில் கிழங்கு செலவுதான் செய்யும். 5 வாரத்துக்கு ஒருமுறை வெட்டுகிறவர் அதே ஆள்கூலியைக் கொடுத்துவிட்டு, கிழங்கு பெருகுவதற்கு வாய்ப்பும் கொடுக்கிறார்.

அமெரிக்காவின் அலபாமாவில் 1930களில் இதை உழவிலேயே சோதித்துப் பார்த்தார்கள். 3 வாரம் அல்லது அதற்குக் குறைந்த இடைவெளியில், தொடர்ந்து இரண்டு பருவம் உழுத நிலத்தில் கோரை ஒழிந்தது. மருந்தே இல்லாத காலத்து ஆய்வு அது. எனக்கு அதில் பிடித்தது, நம்பிக்கையையும் நிபந்தனையையும் சேர்த்தே சொல்வது: முடியும், ஆனால் இடைவெளி தவறக் கூடாது, ஒரு பருவத்தோடு நிறுத்தவும் கூடாது.

அதனால் நாள்காட்டியில் குறியுங்கள். பச்சை தெரிந்த நாள், வெட்டிய நாள், அடுத்து வெட்ட வேண்டிய நாள். நாலைந்து இலை வந்த நிலையில் வெட்டுவது நல்லது. பூங்கொத்து வந்துவிட்டால் அடியில் புதுக் கிழங்கும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது களைக்கொத்தைச் சாய்த்து ஆழமாக விட்டுப் பெயர்த்தால் குமிழும் சேர்ந்து வரும். வந்ததை வரப்பில் போடாதீர்கள், எருக்குழியிலும் போடாதீர்கள். எருக்குழியின் நடுவில் சூடு ஏறும், ஓரத்தில் ஏறாது; ஓரத்தில் விழுந்த கிழங்கு எருவோடு சேர்ந்து வயலுக்கே திரும்பி வரும்.

"ரோட்டவேட்டர் ஓட்டினேன், முன்பைவிட இரண்டு மடங்கு வந்துவிட்டது"

கோரையில் அதிகம் நடக்கும் விபத்து இது. கிழங்குச் சங்கிலி முழுசாக இருக்கும்வரை, முளைத்து நிற்கும் கிழங்கு மற்ற கிழங்குகளைத் தூங்க வைத்திருக்கும். நீங்கள் தோண்டியபோது எண்ணிய கிழங்குகளில் பாதிக்கு மேல் முளையே விடாமல் இருந்திருக்கலாம், காரணம் இதுதான். சங்கிலி அறுந்ததும் ஒவ்வொன்றும் தனித்தனியே எழும். ரோட்டவேட்டர் அறுப்பதோடு நிற்காமல் வயல் முழுக்க விசிறியும் விடுகிறது.

இப்போது என்ன செய்வது? பதற்றப்பட்டு விதைத்துவிடாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கிறது. இதைவிட நல்ல நேரம் வராது. நிலத்தைக் காலியாகவே விட்டு, எல்லாம் நாலைந்து இலை வரும்வரை காத்திருந்து, அப்போது ஒரே அடியாகத் தாக்குங்கள். மேலோட்டமான உழவோ, அனுமதி இருந்தால் ஊடுருவும் களைக்கொல்லியோ (இலையில் பட்டு உள்ளே இறங்கிக் கிழங்குவரை போகும் மருந்து), எதுவானாலும். தூங்கும் கிழங்குக்கு எந்த மருந்தும் போய்ச் சேராது. முளைத்த கிழங்குக்குத்தான் போகும். விதைப்பதற்கு முன்பே வேண்டுமென்று தண்ணீர் விட்டு, கோரையை முளைக்க வைத்து அழிப்பதும் இதே தத்துவம்தான். வெங்காயம், கேரட் மாதிரி நிழல் தராத பயிர் போடப்போகிறவர்கள் இதை இரண்டு முறை செய்துவிட்டு விதைத்தால், பின்னால் களைக்கூலியில் மிச்சமாகும்.

உழவு பலன் தர வேண்டும் என்றால், கிழங்கு காயும் காலத்தில் உழ வேண்டும். கிழங்கின் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது செத்துவிடும். கடும் வெயில் காலத்தில், மழைக்கு வாய்ப்பில்லாத நாட்களில், கொக்கிக் கலப்பையால் அடிமண்ணைக் கிளறிக் கிழங்கை மேலே கொண்டுவந்து, ஓரிரு வாரம் வெயிலில் கிடத்த வேண்டும். பிறகு எதிர்ச்சாலில் இன்னொரு முறை ஓட்டி, முதல் முறை கட்டிக்குள் மாட்டியதையும் வெளியே எடுக்க வேண்டும். பெரிய மண்கட்டிக்குள் இருக்கும் கிழங்கு காயாது, வேர் ஈர மண்ணோடு தொட்டுக்கொண்டிருந்தாலும் காயாது. உழுத மறுநாளே மழை பெய்தால் நாற்று நட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வானிலை பார்க்காமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

ஆழப் புரட்டிப் புதைத்துவிடலாம் என்று சிலர் சட்டிக் கலப்பை போடுவார்கள். பெரும்பாலான கிழங்குகள் மேல் 15 செ.மீ. மண்ணில்தான் இருக்கின்றன. அவற்றை ஓர் அடி ஆழத்துக்குத் தள்ளினாலும் அங்கிருந்தும் முளைக்கக்கூடியவை உண்டு. தள்ளியதில் தாமதமாகும், தீராது.

"மருந்து அடித்தேன், நன்றாகக் கருகியது, பிறகு வந்துவிட்டது"

கருகிய வேகத்தைக் கேட்டாலே பாதி விடை கிடைக்கும்.

ஓரிரு நாளில் கருகியதென்றால் அது தொட்ட இடத்தை எரிக்கும் மருந்து, பாராகுவாட் மாதிரி. கிழங்குக்கு அது இறங்காது. அரிவாளால் அறுத்ததற்கும் அதற்கும் வித்தியாசமில்லை, அதன் நச்சுத்தன்மையோ மிகக் கொடியது. கோரைக்காக அதை எடுப்பதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

கிளைபோசேட் மாதிரி ஊடுருவும் மருந்தாக இருந்தும் திரும்ப வந்தால், கீழே சொல்வதில் ஒன்று நடந்திருக்கும். இலை போதாமல் இருந்திருக்கும்: அடிப்பதற்குச் சில நாள் முன்பு அறுத்திருப்பீர்கள், மருந்து ஏற இலைப்பரப்பே இருந்திருக்காது. அல்லது செடி வாடியிருந்திருக்கும். இலையில் செய்த சர்க்கரை கிழங்குக்கு இறங்கும்போது அதோடு சேர்ந்துதான் மருந்தும் இறங்குகிறது. வறட்சியில் அந்த ஓட்டமே நின்றுவிடும். மண்ணில் ஈரம் இருந்து, செடி தளதளவென்று வளர்ந்து, நாலைந்து இலையாவது விரிந்திருக்கும் நேரமே சரியான நேரம். இன்னொன்று, அடித்த ஓரிரு நாளில் உழுதிருப்பீர்கள். குறைந்தது 2 வாரமாவது தொடாமல் விடுங்கள்.

தண்ணீரையும் பாருங்கள். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் துகள் கிளைபோசேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் அப்படியே. டேங்கில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்பேட்டை முதலில் நன்றாகக் கரைத்து, அதன் பிறகு மருந்தை ஊற்ற வேண்டும். வரிசை மாறினால் பலன் குறையும். கிளைபோசேட் பச்சையாக இருக்கும் எதையும் கொல்லும். பயிரில் ஒரு துளி படக் கூடாது, காற்று வீசும்போது அடிக்கவே கூடாது. அதை யார், எங்கே பயன்படுத்தலாம் என்பதில் நாட்டுக்கு நாடு கட்டுப்பாடு உண்டு. உங்கள் ஊர் விதியையும் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளையும் படித்த பிறகே தொடுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும் கொஞ்சம் திரும்ப வரும். அடிக்கும்போது தூங்கிக்கொண்டிருந்த கிழங்குகள் அவை. அவை நாலைந்து இலை எடுத்ததும் அடுத்த சுற்று.

"மருந்து அடித்து 10 நாள் ஆகிறது, ஒன்றுமே ஆகவில்லை"

கரும்பிலும் மக்காச்சோளத்திலும் கோரைக்கென்றே பயன்படும் ஹாலோசல்ஃப்யூரான் மீதைல் அடித்திருந்தால், பொறுங்கள். அது செடிக்கு வேண்டிய சில அமினோ அமிலங்கள் உருவாவதைத் தடுக்கும் மருந்து. செடி உடனே கருகாது. முதலில் வளர்ச்சி நிற்கும், நடுக்குருத்து மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். முழுசாகக் காய 3, 4 வாரம்கூட ஆகும். நடுக்குருத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், அடி அழுகி எளிதாக உருவி வந்தால் மருந்து வேலை செய்கிறது. அவசரப்பட்டு மேலே இன்னொரு மருந்து அடிக்காதீர்கள். ஒட்டும் திரவம் கலக்காமல் அடித்திருந்தால் மட்டும் சந்தேகப்படலாம். கோரை இலையின் மெழுகுப் பளபளப்பில் சொட்டு நிற்காமல் உருண்டு ஓடிவிடும்.

இந்த மருந்தின் மிச்சம் மண்ணில் தங்கி, அடுத்து போடும் சில பயிர்களைப் பாதிக்கும். அடுத்த பயிருக்கு எத்தனை மாதம் இடைவெளி வேண்டும் என்று லேபிளில் இருக்கும்; அடிக்கும் முன்பே பார்க்க வேண்டியது அது.

பெண்டிமெத்தலின் மாதிரி விதைத்ததும் அடிக்கும் மருந்து போட்டிருந்தால் காத்திருந்தும் பயனில்லை. அது விதையிலிருந்து வரும் களைக்கு; கிழங்கிலிருந்து வருவதைத் தடுக்காது.

"பிளாஸ்டிக் மூடாக்கையே குத்திக்கொண்டு மேலே வருகிறது"

கறுப்பு மூடாக்கு என்றால் அப்படித்தான் வரும். இருட்டில் முளையின் நுனி விரியாமல் ஊசி போலவே இருக்கும், மெல்லிய தாளைத் துளைத்துவிடும். வெளிச்சம் பட்டால்தான் இலை விரியும். ஒளிபுகும் தாளின் கீழே, தாளுக்கும் மண்ணுக்கும் சிறு இடைவெளி இருந்தால், இலை உள்ளேயே விரிந்துவிடும். விரிந்த இலையால் துளைக்க முடியாது, தாளடியில் ஏறும் சூட்டில் வெந்து போகும். கடும் வெயில் காலத்தில், மண்ணை நனைத்து, ஒளிபுகும் தாளை இழுத்துக் கட்டி, ஓரங்களை மண்ணால் மூடி, 4 முதல் 6 வாரம் விடுவது சின்னப் பரப்புக்கு ஏற்றது. மேல்மண்ணில் உள்ள கிழங்குகள் குறையும். சூடு எட்டாத ஆழத்தில் இருப்பவை தப்பும். தடித்த காகித மூடாக்கையும் கோரை எளிதில் துளைப்பதில்லை. வைக்கோல் பரப்பினால் மற்ற களைகள் அடங்கும், கோரை அடங்காது.

"நெல் போட்டபோது காணோம், அடுத்த பயிரில் முழுவதும் கோரை"

தண்ணீர் கட்டிய வயலில் கிழங்கு முளைக்காது, ஆனால் உயிரோடு இருக்கும். தண்ணீர் வடிந்து மண்ணில் காற்றோட்டம் வந்ததும் எழும். அதனால் நெல் அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் ஒரு சுற்று முளைக்க வைத்து அழிப்பதற்கு இடம் விடுங்கள். பிலிப்பைன்ஸில் தேங்கிய தண்ணீரிலும் வளரப் பழகிய கோரை இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தண்ணீர் கட்டினால் போதும் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது.

"பயிர் நிற்கிறது, இப்போது ஒன்றும் செய்ய முடியவில்லை"

பயிர் இலை மூடும்வரை, முதல் 4 முதல் 6 வாரம், இடைவெளி தவறாமல் கொத்துங்கள். அதற்குப் பிறகு பயிரே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கோரைக்கு உண்மையான பலவீனம் நிழல். வெயிலில் வேகமாக வளரும் அதே செடி, நிழலில் மெலிந்து கிழங்கு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த பருவத்துக்கு சணப்பை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி மாதிரி நிலத்தைச் சீக்கிரம் மூடும் பயிரை நெருக்கமாகப் போடுங்கள். கோரை அடர்ந்த வயலில் தொடர்ந்து வெங்காயம் போடுவதுதான் நான் பார்த்தவற்றில் மிகவும் நஷ்டமான முடிவு. இலை மேலே எழுமே தவிர நிழல் விழாது, கொத்தவும் இடம் இருக்காது.

"இத்தனை வருஷம் இல்லை, இப்போது ஒரு மூலையில் மட்டும் வந்திருக்கிறது"

சந்தோஷப்படுங்கள், இதுதான் முழுசாக ஒழிக்கக்கூடிய நிலை. இந்தக் கோரைக்கு விதையில் முளைப்பு மிகக் குறைவு. ஆகவே கிழங்காகத்தான் வந்திருக்கும். எரு, வெளியிலிருந்து கொட்டிய மண், மண்ணோடு வாங்கிய நாற்று, வேறொருவர் வயலிலிருந்து கழுவாமல் வந்த கலப்பை, பாசன வாய்க்கால்: வந்த வழியை முதலில் கண்டுபிடித்து அடையுங்கள்.

பிறகு அந்த இடத்தைக் கயிறு கட்டிக் குறித்து, வெளியே தெரியும் கடைசிச் செடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியே எல்லை வையுங்கள். உழவு அதற்குள் போகக் கூடாது. போக வேண்டியிருந்தால் கடைசியாக அந்த மூலையை ஓட்டி, கலப்பையை அங்கேயே கழுவிவிட்டு வெளியே எடுங்கள். உள்ளே ஓர் அடி ஆழம் தோண்டி, மண்ணைச் சலித்துக் கிழங்கைப் பொறுக்குங்கள். பொறுக்கியதை வெயிலில் சிமெண்ட் தரையில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். காய்ந்துவிட்டதா என்ற சந்தேகம் இருந்தால் சிலவற்றை நறுக்குங்கள்: உள்ளே வெள்ளையாகக் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பாகச் சுருங்கியோ கூடாகவோ இருந்தால் செத்தது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டைப் பிரித்து, தனித்தனியாக ஈர மணலில் புதைத்து 2 வாரம் வையுங்கள், முளைத்தால் தெரிந்துவிடும்.

அந்த மூலையில் ஒரு வருடம் எதுவும் விதைக்காமல் விட்டு, 2 வாரத்துக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். ஒற்றை முளை வந்தாலும் அடியில் குச்சி நட்டு, மண்வெட்டியால் கிழங்கோடு எடுங்கள். பருவம் முடிந்ததும் முன்பு எண்ணிய அதே இடங்களில் மறுபடி ஓர் அடிச் சதுரம் தோண்டி எண்ணி, நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எண் குறையவில்லை என்றால் வேலையைக் கூட்டுவதற்கு முன், வெட்டிய தேதிகளுக்கு இடையே எத்தனை நாள் விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.